யார் முதல்ல கேக்கறது

அந்த வார்டு நர்ஸுக்கு எல்லாருமா சேர்ந்து வெச்ச பேரு திருப்பிக்காட்டு. சொல்லிக் குடுத்துட்டு லேசுல விடாது அந்தம்மா. "தலையாட்டினது போதும். எங்க, திருப்பிக் காட்டு"ன்னு சிரிஞ்சைக் கையில திணிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சு, குழந்தை வாயில மருந்து விடறதுக்குன்னே இருக்கறது. ஒரு பாட்டில்ல வெறும் தண்ணி. அதை இழுத்து, கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பிடிச்சு, குமிழி இருந்தா தட்டி விட்டு, சரியா கோட்டுல நிறுத்திக் காட்டணும். தாண்டினா மறுபடி. கீழ நின்னா மறுபடி. கோட்டு சூட்டு போட்ட அப்பனா இருந்தாலும் சரி, என்னை மாதிரி ஓட்டல் படுக்கை விரிப்பு வெளுக்கறவளா இருந்தாலும் சரி, காட்டினாத்தான் வீடு.

நான் முதல் தடவையே சரியா நிறுத்தினேன். சும்மா பெருமைக்குச் சொல்லல. பக்கத்துக் கட்டில் ஆளு வேர்த்து விறுவிறுத்து இழுத்துக்கிட்டிருந்தாரு, நான் ஒரே இழுப்புல முடிச்சுட்டு அந்தம்மா மூஞ்சியைப் பாத்தேன். ஒரு "சபாஷ்" வந்துதா? வரல. அடுத்த பாடத்துக்குப் போயிடுச்சு.

"பால்ல கலக்காதே. பாதி குடிச்சு மீதி வெச்சா எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்குத் தெரியும்? தொண்டைக்கு நேரா பீச்சாதே, கன்னத்துக்கு உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடு. வாந்தி எடுத்தா மறுபடி குடுக்காதே, எனக்குப் போன் பண்ணு. இது இருமல் மருந்து இல்லம்மா, இதயத்துக்கு. ஒரு வேளை விட்டுப்போனா சமாளிக்கலாம். ஒரு வேளை கூடிப்போனா குழந்தை உனக்கு இல்ல. குடுத்தோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா குடுக்காதே. வீட்டுல இருக்கறவங்களைக் கேளு."

எங்க குட்டிக்கு அப்ப மூணு வயசு. இதயத்துல ஓட்டை. ஆபரேஷன் பண்ணி, நெஞ்சு நடுவுல தையல் போட்டு, வீட்டுக்கு அனுப்பற அன்னிக்கு நடந்த பாடம் இது.

"வீட்டுல வேற யாரு குடுப்பா?"ன்னு அந்தம்மா கேட்டுச்சு.

"நானும் குடுப்பேன் சிஸ்டர்"ன்னாரு என் வீட்டுக்காரரு. "எனக்கு பேக்கரியில ராத்திரி வேலை. விடியக்காலை வருவேன். குட்டி முழிச்சிருந்தா நான் குடுத்துடுவேன். இல்லன்னா இவ வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி குடுப்பா."

"அப்ப ஒரு தாள்ல எழுதி ஒட்டுங்க. குடுத்தவங்க டிக் போடுங்க."

இவருக்குத்தான் எதையும் சொன்னபடி செஞ்சா கிரீடம் இறங்கிடுமே! "தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம் சிஸ்டர். காலையில குடுத்தா பாட்டிலை, பேரு சுவரைப் பாக்கற மாதிரி திருப்பி வெச்சுடுவோம். சாயங்காலம் குடுத்ததும் முன்னாடி திருப்பிடுவோம். பாத்தவுடனே தெரியும்." பேக்கரியில எந்தத் தட்டு வெந்தாச்சு, எது வேகலன்னு இப்படித்தான் திருப்பி வெப்பாங்களாம். அந்தம்மா ஒரு மாதிரி பாத்துச்சு. "வீட்டுல வேற யாரும் இல்லையே?"

"அக்கா இருக்காங்க. மருந்துல எல்லாம் கை வெக்க மாட்டாங்க."

நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன். அக்காங்கற பேச்சு வந்தா நான் ஜன்னல் பக்கம்தான் பாப்பேன்.

அவ எனக்கு நாத்தனார். புருஷன் வேண்டாம்னு அனுப்பிட்டான், தம்பி வீட்டுல வந்து உக்காந்துட்டா. சும்மா உக்காரல, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா என் நாக்கு அழுகிடும். குழந்தையைப் பாத்துக்கறது அவதான். அவ இல்லன்னா நான் வேலைக்குப் போக முடியாது, நான் வேலைக்குப் போகலன்னா வீட்டு வாடகை கிடையாது. முன்னாடி ஒரு பெரிய கடையில அலமாரி அடுக்கற வேலை பாத்தவ. எங்க வீட்டையும் கடையாத்தான் வெச்சிருப்பா. சோப்புத்தூள் டப்பாவோ சர்க்கரை டப்பாவோ, பேரு முன்னாடி பாத்து நிக்கணும், வரிசை கலையக்கூடாது. வாங்கறதுக்கு ஆள் வரப்போற மாதிரி!

குட்டிக்கு இதயத்துல ஓட்டைன்னு முதல்முதலா டாக்டர் சொன்ன நாள், நான் வீட்டுக்கு வந்து சுவரோரமா சரிஞ்சு உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். அவ சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, என் காதுல விழணும்னே சொன்னா: "சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும்? சட்டியே ஓட்டை. அப்புறம் என்னத்த அழறது."

நான் எந்திரிச்சேன். கண்ணைத் தொடச்சேன். "பெத்தவளுக்குத் தெரியும் பெத்த வலி. கடைக்காரனே வேண்டாம்னு திருப்பி அனுப்பின சாமானுக்கு என்ன தெரியும்?"னு கேட்டேன்.

அவ மூஞ்சியில ஈயாடல. நானும் விட்டுடல, "ராசியில்லாத கையால என் குழந்தையைத் தொடாதே"ன்னும் சேத்துச் சொன்னேன். அதோட பேச்சு நின்னுது. அன்னிலேருந்து அவ என்னைப் பாத்து ஒரு வார்த்தை பேசல, நானும் பேசல. அவ சொன்னதை அவ வாபஸ் வாங்கட்டும்னு நான். நான் சொன்னதை நான் வாபஸ் வாங்கணும்னு அவ. ரெண்டு பேருமே பிடிச்ச முயலுக்கு மூணு கால்.

பேசாம எப்படி ஒரே வீட்டுல இருக்கறதுன்னு கேப்பீங்க. பழகிடும். எங்களுக்குக் குட்டி இருந்தா. "உங்க அம்மாகிட்ட சொல்லு, காஸ் தீந்துபோச்சுன்னு." "உங்க அத்தைகிட்ட சொல்லு, தெரியும்னு." குட்டி நடு ரூம்ல நின்னுக்கிட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிச் சொல்லுவா. குட்டி தூங்கிட்டா சுவருகிட்ட பேசுவோம், மின்விசிறிகிட்ட பேசுவோம். "விளக்கை அணைக்கணும்கற அறிவு சில பேருக்குக் கிடையாது"ன்னு நான் மின்விசிறிக்குச் சொன்னா, "ராத்திரி பூரா குழாயைச் சொட்ட விடறவங்க விளக்கைப் பத்திப் பேச வந்துட்டாங்க"ன்னு அவ அடுப்புக்குச் சொல்லுவா. அதுவும் முடியலன்னா பாத்திரம் பேசும். அவ கோவத்தை நான் பாத்திரம் விழற சத்தத்துலயே அளந்துடுவேன். இவரு? இவரு நடுவுல உக்காந்து சாப்பிட்டுட்டு, "ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டிருக்கீங்க, நிம்மதி"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்து கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. பாட்டில் சமையல்கட்டு மேல்தட்டுல, என் சாமான் வெக்கிற இடத்துல இருந்துது. அவ என் தட்டைத் தொடமாட்டா. காலையில எழுந்து பாப்பேன், சுவரைப் பாத்திருந்தா இவரு குடுத்தாச்சு, முன்னாடி பாத்திருந்தா நான் குடுக்கணும். பாட்டில் விஷயத்தை அக்காகிட்ட சொல்லிட்டீங்களான்னு இவரை ஒரு நாள் கேட்டேன். "சொல்லலாம்"னாரு. சொல்லல. என் வாயால சொல்றதுக்கு எனக்கு வழியில்ல. குட்டிகிட்ட சொல்லி அனுப்பலாம்னா இவ்வளவு பெரிய சேதியைச் சுமக்க அவளுக்கு வயசு பத்தாது.

அன்னிக்குக் காலையில நான் குளிச்சுட்டு வந்தேன். குட்டி சமையல்கட்டுத் தரையில உக்காந்து பால் குடிச்சுக்கிட்டிருந்தா. இவரு வந்து, சட்டையைக்கூட கழட்டாம உள் ரூம்ல குறட்டை விட்டுத் தூங்கறாரு. நாத்தனார் தொட்டிகிட்ட நின்னு பாத்திரம் கழுவறா. நான் மேல்தட்டைப் பாத்தேன். பாட்டில் முன்னாடி பாத்து நிக்குது.

சரி, இவரு குடுக்கலன்னு சிரிஞ்சை எடுத்தேன்.

"நான் குடிச்சுட்டேன்மா"ன்னா குட்டி.

இதையும் கேட்டுக்கோங்க. அவ தினமும் இதைத்தான் சொல்லுவா. கசக்குதுல்ல? சிரிஞ்சைப் பாத்தாலே "குடிச்சுட்டேன்"பா, "அப்பா குடுத்தாங்க"பா, "வயிறு வலிக்குது"பா. மூணு வயசுல அவ்வளவு பொய் எங்கேருந்து வந்துதோ. அன்னிக்கும் "அப்பா குடுத்தாங்க, அத்தை பிடிச்சுக்கிட்டாங்க"ன்னா.

அத்தை பிடிச்சுக்கிட்டாங்கன்னு அதுக்கு முன்னாடி அவ சொன்னதில்ல. எனக்குக் கை நின்னுது.

நான் மேல்தட்டை இன்னொரு தரம் பாத்தேன். தட்டு பளபளன்னு துடைச்சிருந்துது. திரும்பி நாத்தனாரைப் பாத்தேன். அவளும் என்னைத் திரும்பிப் பாத்தா. கையில சோப்பு நுரை. அவ கண்ணு சிரிஞ்சு மேல இருந்துது, அப்புறம் என் மூஞ்சி மேல வந்துது. ஒரே ஒரு கேள்வி. "அண்ணி, இவரு குடுத்துட்டாரா?" அவ்வளவுதான். இல்ல, அண்ணின்னுகூட வேண்டாம், "குடுத்தாச்சா?"ன்னு மட்டும் கேட்டிருந்தாலும் போதும். தொண்டை வரைக்கும் வந்துது. ஆனா அவ கண்ணுல ஒரு காத்திருப்பு தெரிஞ்சுது. கேளு பாப்போம், வா, வந்து கேளு, உன் வாயாலயே கேளுங்கற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. இவகிட்டயா கேக்கறது? உள்ள போய் இவரை எழுப்பியிருக்கலாம். எழுப்பினா, மருந்து குடுக்கறதைக்கூட ஞாபகம் வெச்சுக்கத் தெரியாத அம்மான்னு அவளுக்கு நானே எடுத்துக் குடுத்த மாதிரி இருக்கும். சந்தேகமா இருந்தா குடுக்காதேன்னு அந்தம்மா சொன்னதும் ஞாபகம் இருந்துது. குடுக்காமப் போனா, "பெத்தவ குழந்தைக்கு மருந்துகூடக் குடுக்காம வேலைக்கு ஓடறா"ன்னு சாயங்காலம் அடுப்புகிட்ட சொல்லுவா.

கோட்டுல நிறுத்தினேன். குமிழியைத் தட்டினேன். குட்டி வாயைத் திறக்கல, கன்னத்தை அழுத்தித் திறந்தேன். கொஞ்சம் கொஞ்சமா, கன்னத்துக்கு உள்பக்கமா, சொல்லிக் குடுத்த மாதிரியே, ஒரு சொட்டு சிந்தாம குடுத்தேன்.

தொட்டியில ஒரு பெரிய பாத்திரம் டமார்னு விழுந்துது. போடி போ, உன் கோவம் எனக்கென்னன்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டிலைச் சுவரைப் பாத்துத் திருப்பி வெச்சுட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

லாண்டரியில இஸ்திரி உருளைக்குள்ள விரிப்பை விட்டுக்கிட்டிருந்தப்ப மேஸ்திரி போனை நீட்டினாரு. இவரு குரல். "குட்டி வாந்தி மேல வாந்தி எடுக்கறா. துவண்டுட்டா. ஆஸ்பத்திரியில இருக்கோம், வா."

நான் போய்ச் சேரும்போது குட்டி நெஞ்சுல ஒயருங்க ஒட்டியிருந்துது. பக்கத்துல திரையில ஒரு கோடு மேலயும் கீழயும் ஓடுது, மெதுவா, ஒண்ணு போய் அடுத்தது வருமா வராதாங்கற மாதிரி. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா, மூடிக்கிட்டா. நான் காலைப் பிடிச்சேன். ஐஸ் மாதிரி இருந்துது. ஐயோ, அந்த வயித்தெரிச்சலை நான் எப்படிச் சொல்லுவேன்.

திருப்பிக்காட்டு என்னைக் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துச்சு. வராந்தாவுல இவரும் நாத்தனாரும் நிக்கிறாங்க.

"காலையில நீ மருந்து குடுத்தியா?"

"குடுத்தேன் சிஸ்டர். சரியான அளவு. வேணும்னா திருப்பிக் காட்டறேன்."

"இவரும் குடுத்திருக்காரே."

இவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. "குடுத்துட்டு பாட்டிலைத் திருப்பி வெச்சேனே, நீ பாக்கலையா?"

"முன்னாடி பாத்து நின்னுது! சத்தியமா முன்னாடிதான் பாத்து நின்னுது!"

அப்பதான் நாத்தனார் வாயைத் திறந்தா. என்கிட்ட இல்ல, நர்ஸுகிட்ட. "தட்டுல மருந்து சொட்டி எறும்பு வந்துது சிஸ்டர். துடைச்சேன். பாட்டில் திரும்பி இருந்துது, நேரா வெச்சேன். அதுல ஒரு கணக்கு இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லல."

"சரி. தம்பி குடுத்தது உனக்குத் தெரியுமா?"

"நான்தான் குட்டியைப் பிடிச்சுக்கிட்டேன்."

"இவ ரெண்டாந்தரம் குடுக்கும்போது எங்க இருந்தே?"

அவ, "அங்கதான்"னா. "தொட்டிகிட்ட."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டி சொல்லல?"ன்னு அந்தம்மா கத்தின கத்துல வராந்தாவே திரும்பிப் பாத்துது.

"எங்களுக்குள்ள பேச்சு கிடையாது சிஸ்டர். அவங்க கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." புடவைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டா. "பாத்திரத்தைப் போட்டேனே. எவ்வளவு பெரிய பாத்திரம்! அவங்க திரும்பிக்கூடப் பாக்கல."

திருப்பிக்காட்டுக்கே வாய் நின்னுபோச்சு, அதை நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

"பாத்திரத்தைப் போட்டியா?"ன்னு மெதுவா கேட்டுச்சு. "விஷத்தைக் குடுக்கும்போது மணியடிக்கிறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா? தாயே, நல்லா இருப்பீங்க. ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க." என் பக்கம் திரும்பிச்சு. "நீ? உனக்குச் சந்தேகம் வந்துதா இல்லையா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

"வந்துது."

"என்ன சொல்லி அனுப்பினேன்?"

நாத்தனார் என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அவ முன்னாடி நான் தலை குனிய மாட்டேன்.

இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சுது. குட்டி முதல் வாந்தி எடுத்தவுடனேயே அவதான் இவரை உதைச்சு எழுப்பி, குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, காலுல செருப்புகூட இல்லாம ஓடி வந்திருக்கா. உள்ள நுழையும்போதே "ரெண்டு வேளை மருந்து போயிருக்கு"ன்னு கத்திக்கிட்டு வந்திருக்கா. அதைச் சொன்னதாலதான் டாக்டருங்க சட்டுனு வேலையைப் பாத்தாங்களாம். இவரு இதை என்கிட்ட கண்ணு கலங்கிச் சொன்னாரு, அக்கா காப்பாத்திட்டாங்கன்னு. நான் சொன்னேன், "கொள்ளி வெச்சவளே தண்ணியும் ஊத்தினாளாக்கும், கும்பிடுங்க." இவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

குட்டி பொழச்சா. அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமா வேகம் பிடிச்சுது, காலு சூடாச்சு, பசிக்குதுன்னா. ஆனா மருந்துக்கு என் கைகிட்ட வாயைத் திறக்கமாட்டேன்னுட்டா. சிரிஞ்சோட நான் கிட்ட போனா உதட்டை உள்ள மடிச்சுக் கடிச்சுக்குவா. "அத்தை குடுக்கட்டும்"பா. பெத்தவ கையில குழந்தை வாய் திறக்கலன்னா அந்த வலி உங்களுக்குத் தெரியுமா? வார்டுல எல்லாரும் பாக்க, அத்தைக்காரி சிரிஞ்சை வாங்குவா, குட்டி ஆன்னு திறப்பா. நான் திரைச்சீலையை மடிச்சுக்கிட்டு நிப்பேன்.

வீட்டுக்கு அனுப்பற நாள் வந்துது. குட்டிக்கு ஷூ போட்டு, தலை சீவி, கட்டில் ஓரத்துல உக்கார வெச்சாச்சு. காலை ஆட்டிக்கிட்டே "போலாம், போலாம்"னு பாடறா. திருப்பிக்காட்டு வந்து எங்க ரெண்டு பேரையும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா நிறுத்திச்சு. கையில தண்ணி பாட்டில் இல்ல, சிரிஞ்சு இல்ல.

"உங்களுக்கு அளக்கத் தெரியும். உங்களை மாதிரி சுத்தமா அளக்கற குடும்பத்தை நான் பாத்ததில்ல"ன்னுச்சு. "இன்னிக்கு வேற பாடம். அண்ணி குழந்தைக்கு மருந்து குடுத்துட்டா. நீ உள்ள வரே. குடுத்தாச்சான்னு கேக்கறே. அவ, குடுத்தாச்சுங்கறா. அவ்வளவுதான் பாடம். திருப்பிக் காட்டுங்க. காட்டினா கிளம்பலாம்."

பக்கத்துக் கட்டில்காரங்க சாப்பிடறதை நிறுத்திட்டாங்க. இவரு என் முழங்கையைத் தொட்டாரு. "கேளேன், ஒரு வார்த்தைதானே." கையை உதறினேன்.

"அவங்க கேக்கமாட்டாங்க சிஸ்டர்"னா நாத்தனார். "அது வேற விஷயம். நான் ஒண்ணு சொல்லியிருக்கேன், அதுதான்."

"என்ன சொன்னே?"

அவ குட்டியைப் பாத்தா. அப்புறம், எத்தனையோ காலத்துக்கு அப்புறம், நேரா என்னைப் பாத்தா. சுவரை இல்ல, மின்விசிறியை இல்ல, என் கண்ணை.

"சட்டி ஓட்டைன்னு சொன்னேன். உன் வயித்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. அன்னிக்கு ராத்திரியே தெரியும் எனக்கு, வாய்தான் வரல. அன்னிக்குக் காலையிலயும் வாய் வரல. குழந்தை போயிருந்தா நானும் போயிருப்பேன்." அவ குரல் உடைஞ்சுது, ஆனா நிறுத்தல. "நீ சொன்னதும் இருக்கட்டும். நான் திருப்பி அனுப்பின சாமான்தான். அதை நீ வாபஸ் வாங்க வேண்டாம். எனக்கு ஒண்ணுமே வேண்டாம். நீ கேளும்மா. குடுத்தாச்சான்னு கேளு. குழந்தை வீட்டுக்குப் போகட்டும்."

அத்தனை பேர் முன்னாடி சொன்னா. தன்னைத்தானே சாமான்னு சொல்லிக்கிட்டு நின்னா, கண்ணுல தண்ணி வழிய.

நான் ஜெயிச்சுட்டேன். எத்தனை ராத்திரி சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டு இதைக் கேக்கணும்னு ஏங்கியிருப்பேன்! நெஞ்சு குளிர்ந்துது, பொய் சொல்லமாட்டேன். என் வாய்கூட லேசா திறந்துது. அந்த ஒரு வார்த்தை நாக்குக்கு வந்துடுச்சு.

அப்ப குட்டி கட்டில்ல முட்டி போட்டு எழுந்தா. அவ அத்தை கன்னத்தை ரெண்டு கையாலயும் தொடச்சு விட்டா. "அழாதே அத்தே"ன்னா. அப்படியே கழுத்தைக் கட்டிக்கிட்டு, என்னைத் திரும்பிப் பாத்தா. மூணு வயசுக் குழந்தை என்னை அப்படிப் பாத்தா, அத்தையை அழ வெச்சவளைப் பாக்கற மாதிரி.

என் வாய் மூடிக்கிச்சு.

"கேளும்மா"ன்னுச்சு திருப்பிக்காட்டு. நான் கட்டில் கம்பியைப் பாத்தேன். "அவ சொல்லிட்டா. உன் முறை. ஒரு வார்த்தை." இவரு, "ஏய், உன் கால்ல வேணும்னாலும் விழறேன்"னாரு. குட்டி ஷூவோட மெத்தையை உதைச்சா. எனக்கு எல்லாம் கேட்டுது. என் குழந்தை உயிர் அந்த ஒரு கேள்வியில இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அவளைப் பெத்தவ நான். தெரியும். ஆனா அவ கழுத்துல என் குழந்தை கை இருக்கும்போது அவகிட்ட நான் கேக்கமாட்டேன்.

திருப்பிக்காட்டு ரொம்ப நேரம் பொறுத்துப் பாத்துச்சு. கத்தும்னு நெனச்சேன், கத்தல. மருந்துப் பையை எடுத்து நாத்தனார் கையில குடுத்துச்சு.

"இனிமே இந்த மருந்து நீயும் உன் தம்பியும் மட்டும்தான். நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்கல்ல? நல்லது." என்னைப் பாத்து, திட்டற மாதிரி இல்லாம, சாதாரணமாச் சொல்லுச்சு. "நீ பாட்டிலைத் தொடாதே. அளக்காதே. குழந்தை வாய்கிட்ட சிரிஞ்சைக் கொண்டு போகாதே. கேக்க முடியாதவ குடுக்கக்கூடாது. புரிஞ்சுதா?"

புரிஞ்சுதுன்னு தலையாட்டினேன். திருப்பிக் காட்டச் சொல்லல.

குட்டி அத்தை இடுப்புல ஏறிக்கிட்டா. இவரு கதவைத் திறந்து பிடிச்சாரு. நான் துணி மூட்டையை எடுத்துக்கிட்டு அவங்களுக்குப் பின்னால நடந்தேன்.